உச்சி, உச்சம், சிகரம், முகடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சி என்ற சொல்லுக்கு முதற்பொருள் என்ன? மலையா, தலையா?

பேச்சுவழக்கை வைத்துப் பார்த்தால் தலைதான். எண்ணெய் தேய்க்கும்போது முதல் கை வைக்கிற இடம் உச்சி. மலை, மரம், கோபுரம், வானம் எல்லாவற்றையும் ஆள் நிற்பதுபோல் பாவித்தே இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். மலைக்கு அடி, இடுப்பு, தோள், உச்சி என்று உறுப்புகளை வைத்திருக்கிற மொழி இது. சென்னி, குடுமி, கொடுமுடி என்று மலைமுனைக்கு வழங்கிய பழைய சொற்களிலும் தலையோ தலைமயிரோதான் இருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றப் பொருள்கள் தாமாக விளங்கும். தலைக்கு நேர் மேலே உள்ள வானம் உச்சி வானம். சூரியன் அங்கே வரும் நேரம் உச்சிப்பொழுது. தலைமயிரை இரண்டாகப் பிரிக்கும் கோடு உச்சி வகிடு. சுருக்கமாக அதையே ‘நேர் உச்சி எடுத்து வாரு’, ‘கோண உச்சி’ என்றும் சொல்கிறோம்.

உச்சிக்கும் உச்சத்துக்கும் என்ன வேறுபாடு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். உச்சி என்பது இடம். கைவைத்துக் காட்டலாம், ஏறிப் போகலாம், அங்கே கொடி நடலாம். உச்சம் என்பது அளவு அல்லது நிலை. வெப்பத்துக்கும் விலைக்கும் கோபத்துக்கும் புகழுக்கும் உச்சம் உண்டு, உச்சி கிடையாது.

‘தங்கம் விலை புதிய உச்சம்’ சரி. ‘தங்கம் விலை உச்சியில்’ என்றால் காது இடறும். ‘மலையின் உச்சத்தில் கோயில்’ என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். ‘மலை உச்சியில் கோயில்’ என்பதே இயல்பு.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘மேலே’ என்று போட்டால் பொருள் நின்றால் உச்சி. ‘மிக அதிகம்’ என்று போட்டால் நின்றால் உச்சம். ‘மரத்து மேலே காக்கா’ நிற்கிறது, ஆகவே மரத்து உச்சி. ‘மின்தேவை மிக அதிகம்’ நிற்கிறது, ஆகவே மின்தேவை உச்சம்.

எல்லையில் நிற்கும் வழக்குகளும் உண்டு. ‘புகழின் உச்சியில் இருந்தார்’ என்று பலர் எழுதுகிறார்கள். புகழை மலையாக உருவகித்தால் அது தவறாகாது. ஆனால் அடுத்த வரியிலேயே ‘புகழ் வற்றியது’ என்று எழுதினால் மலை திடீரென்று குளமாகிவிடும். உருவகத்தைத் தொடங்கினால் அதிலேயே நில்லுங்கள். முடியாதென்றால் ‘புகழின் உச்சத்தில்’ பாதுகாப்பானது.

உச்சி தமிழ்ச்சொல்லா?

உச்சம் வடமொழியின் ‘உச்ச’விலிருந்து வந்தது. அதில் பெரிய சர்ச்சையில்லை. உச்சி பற்றி இரண்டு கருத்து உண்டு. அதே வடசொல்லின் திரிபு என்பது ஒன்று. உயர், உயரம், உம்பர், உத்தரம் என்று வரிசையாக மேலே சுட்டும் ‘உ’ அடியில் பிறந்த தமிழ்ச்சொல் என்பது தனித்தமிழ் வழியினர் கருத்து. (அந்த வரிசையில் உத்தரத்தைச் சேர்ப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். அது வேறு கதை.) உடம்புப் பெயராக ஊறிப்போன சொல் என்பதால் கடன் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாது என்பது எங்கள் எண்ணம்.

மலையாளத்தை ஒட்டிப் பார்ப்பது பயன் தரும். அங்கே உச்சி என்றால் உச்சந்தலை. உச்ச என்றால் நண்பகல். மதியச் சாப்பாடு ‘உச்சயூணு’. நாம் ‘உச்சிப்பொழுது’ என்று இரண்டு சொல்லால் சொல்வதை அவர்கள் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

தொல்காப்பியத்தில் வரும் ‘உச்சகாரம்’ இதே சொல்தானா?

இல்லை. ‘உச்சகாரம் இருமொழிக்கு உரித்தே’ என்பதைப் பார்த்துப் பலர் ‘உயர்ந்த எழுத்து’ என்று பொருள் கொள்கிறார்கள். அது உகரத்தோடு கூடிய சகாரம், அதாவது ‘சு’ என்னும் எழுத்து. உசு, முசு என்ற இரண்டு சொற்களின் இறுதியில் மட்டுமே அது முற்றியலுகரமாக, அதாவது ஓசை குறையாத உகரமாக, வரும் என்பதுதான் நூற்பா சொல்வது. உயரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதேபோல் ‘உச்சுக் கொட்டுதல்’ நாக்கில் எழும் ஒலியைக் குறிப்பது. தென்மாவட்டங்களின் உச்சினிமாகாளி உஜ்ஜயினியின் காளி. உஜ்ஜயினி உச்சினி ஆகி, சில ஊர்களில் உச்சிமாகாளி ஆகி, ஆட்பெயராகவும் நின்றுவிட்டது. ‘உச்சியில் இருக்கும் காளி’ என்று பிற்பாடு பொருள் சொல்வது கேட்க நன்றாக இருக்கும், சொல்வரலாறு ஆகாது.

உச்சி வெயில் என்பது சரியாக எத்தனை மணி? 12 தானே?

கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்கும் என்பது தமிழ்நாட்டில் பெரும்பாலும் பொய். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சென்னை ஏறக்குறைய 80.3 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் சுமார் 9 நிமிடம் பின்தங்கும். கோயம்புத்தூர் சுமார் 77 டிகிரி, எனவே 22 நிமிடம். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் ஆண்டுக்குள் இன்னும் கால் மணி நேரம் முன்னும் பின்னும் ஆடும். கூட்டிக் கழித்தால் சென்னையில் உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 11.53 வாக்கிலும் பிப்ரவரி நடுவில் 12.23 வாக்கிலும் வரும். கோவையில் அதே நாள்களில் 12.06, 12.36.

நேரம் மட்டுமல்ல, இடமும் பொய்தான். சூரியன் நிஜமாகவே தலைக்கு நேர் மேலே வருவது ஓர் ஊருக்கு ஆண்டில் இரண்டே நாள். சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். அன்று நட்டுவைத்த கோலின் நிழல் கோலின் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்பது இதுதான். சென்னையில் டிசம்பர் 22 அன்று உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து 36 டிகிரிக்குமேல் தெற்கே சரிந்தே இருக்கும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால், சமதளத்தில் ஒரு முழக் கோலைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். 11.30-லிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணாம்பால் குறியுங்கள். மிகக் குட்டையான நிழல் விழுந்த நேரமே உங்கள் ஊரின் உச்சி. அந்த நிழல் சரியாக வடக்கு தெற்காகக் கிடக்கும். கோல் சற்றே சாய்ந்தாலும் கணக்கு கெடும், அதிலும் நிழலில்லா நாளை ஒட்டி நிழல் சில விரற்கடைதான் இருக்கும் என்பதால் பிழை கூடுதலாகத் தெரியும்.

பேச்சில் உச்சி வெயில் என்றால் 12 முதல் 3 வரை எதையும் சொல்வார்கள். அதில் தப்பில்லை. நண்பகல் என்பதில் உள்ள ‘நள்’ நடு என்று பொருள்படும், நள்ளிரவிலும் அதுவே. மதியம் நீண்டது, மாலை எட்டும்வரை மதியம்தான்.

கோயில் பலகையில் ‘உச்சிகாலம்’, ‘உச்சிக்கால பூஜை’ இரண்டும் இருக்கிறதே?

ஆறுகால பூஜை வரிசை பொதுவாக உஷத்காலம், காலசந்தி, உச்சிகாலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம். இதில் உச்சிகாலம் நடுப்பகல் பூஜை. பல கோயில்களில் அது முடிந்ததும் நடை சாத்தி மாலை 4 மணி வாக்கில் திறப்பார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏமாறும் இடம் இதுவே: ‘உச்சிகாலம் 12 மணி’ என்று பலகையில் இருந்தால் 12 மணிக்குப் போய் நின்று சாவகாசமாகத் தரிசிக்கலாம் என்று அர்த்தமில்லை. திரை போட்டிருக்கலாம், பூஜை முடிந்த கையோடு நடையும் சாத்தலாம். அரை மணி முன்னதாகப் போவதே நல்லது.

எழுத்தைப் பொறுத்தவரை, தமிழ்ப் புணர்ச்சிப்படி உச்சிக்காலம். கோயில் வழக்கில் வல்லினம் மிகாமல் உச்சிகாலம் என்றே நிலைத்துவிட்டது. இரண்டையும் ஏற்கலாம், ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

எங்கே வல்லினம் மிகும்? எங்கே மிகாது?

உச்சி முதற்சொல்லாகி, அடுத்து க, ச, த, ப வரும் தொகையில் மிகும்: உச்சிக்குடுமி, உச்சிக்கிளை, உச்சிப்பொழுது, உச்சிப் பிள்ளையார். வெயில், மாநாடு, வகிடு, வானம் ஆகியவற்றில் மிக வழியில்லை.

‘உச்சி குளிர்ந்தது’ என்பதில் உச்சி எழுவாய், மிகாது. ‘உச்சிக் குளிர்ந்தது’ என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. ‘சிகரத்தின் உச்சி தொட்டான்’ என்பதில் ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது, மிகாது. உருபு வெளிப்பட்டால் மிகும்: உச்சியைத் தொட்டான்.

உச்சம் மகர ஈறு, அதாவது ‘ம்’ என்று முடியும் சொல். மெல்லினமோ இடையினமோ வந்தால் ம் மட்டும் கெடும்: உச்ச நீதிமன்றம், உச்சவரம்பு. வல்லினம் வந்தால் ம் கெட்டு ஒற்று மிகும்: உச்சக்கட்டம். உச்சந்தலை மட்டும் ஒற்று மிகாமல் மெல்லினம் பெற்று நிற்கிறது. ‘உச்சித்தலை’ என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை. வேற்றுமை உருபு ஏற்கும்போது உச்சத்தில், உச்சத்தை என இடையில் ‘அத்து’ என்னும் சாரியை வரும்.

‘உச்சபட்சம்’ தேவையா என்று கேட்கிறார்கள். அதிகபட்சம் என்ற நல்ல சொல் இருக்கிறது, குறைந்தபட்சத்துக்கு இணையாகவும் நிற்கிறது. ‘உச்சபட்ச வெப்பநிலை’ என்று எழுதி எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

உச்சி குளிர்தல், உச்சி முகர்தல்: எந்த இடத்தில் எதைச் சொல்வது?

உச்சி முகர்தல் பெரியவர் பிள்ளைக்குச் செய்வது. தலையைத் தன் பக்கம் சாய்த்து உச்சந்தலையை மோந்து கொஞ்சுவது. ஊரில் உச்சி மோந்து என்பார்கள். கணவன் மனைவிக்கோ நண்பருக்கோ இதைச் சொன்னால் உறவின் தொனி மாறிவிடும். உச்சி முகர்பவர் எப்போதும் தாய், தகப்பன், பாட்டி, தாத்தா இடத்தில் நிற்பவர்.

உச்சி குளிர்தல் பாராட்டில் மகிழ்ந்துபோவது. இதில் கொஞ்சம் கேலி ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஐயா உச்சி குளிர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்’ என்றால், புகழ்ந்தவன் காரியம் சாதித்துக்கொண்டான் என்று கேட்பவருக்குப் புரியும். இரங்கல் குறிப்பிலும் விருது பெற்றவர் பற்றிய மரியாதைக் கட்டுரையிலும் இதைத் தவிருங்கள். ‘மனம் குளிர்ந்தது’ அங்கே பொருந்தும்.

உச்சிமேல் கொள்ளுதல் போற்றி ஏற்பது. உரையாசிரியர் நச்சினார்க்கினியரை ‘உச்சிமேற் புலவர்கொள்’ என்ற அடைமொழியோடு சொல்லும் வழக்கு இதிலிருந்து வந்தது. புலவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நச்சினார்க்கினியர் என்று பொருள். ‘உச்சிமேல் புலவர்’ என்று தனியாக வெட்டி ‘உயர்ந்த புலவர்’ என்று எழுதுவது பிழை.

உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை என்பதை இரு திசையிலும் சொல்லலாம். கோபம் ஏறுவதானால் காலிலிருந்து மேலே. ஒருவரை ஏற இறங்கப் பார்ப்பதானால் உச்சியிலிருந்து கீழே.

உச்சாணிக் கொம்பும் நுனிக்கொம்பும் ஒன்றா?

ஒன்றில்லை. உச்சாணிக் கொம்பு மரத்தின் ஆக உயரத்தில் இருக்கும் கொம்பு. நுனிக்கொம்பு ஒரு கிளை முடியும் இடம். அது தரைக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். 476-ஆம் குறளில் நுனிக்கொம்பர் ஏறியவன் அதையும் கடக்க முயன்றால் உயிர் போகும் என்று வருவது, கொம்பு முடிந்துவிட்டது, தாங்காது என்பதால். ‘உச்சாணிக் கொம்பில் ஏற்றிவிட்டார்கள்’ என்பதில் உயரமும் அங்கிருப்பவரின் மிதப்பும் பேசப்படுகின்றன.

சிகரம், முகடு, கொடுமுடி ஆகியவை உச்சிக்கு மாற்றுச் சொற்களா?

சிகரம் மலைக்கு உரியது, அதுவும் தனித்து நிற்கும் பெயர்பெற்ற முனைக்கு. தலைக்கும் மரத்துக்கும் சிகரம் இல்லை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். தென்னிந்தியாவில் மிக உயர்ந்தது கேரளத்தின் ஆனைமுடி, 2,695 மீட்டர். இரண்டையும் மாற்றி எழுதுவது வினாவிடைப் புத்தகங்களில் தீராத பிழை. இலங்கையில் மிக உயர்ந்தது பிதுருதலாகல, 2,524 மீட்டர். சிவனொளிபாத மலை பெயர்பெற்றது, உயரம் 2,243 மீட்டர்தான். சிகரத்துக்கும் உச்சி உண்டு என்பதால் ‘சிகரத்தின் உச்சி’ கூறியது கூறல் ஆகாது.

கோயில் கட்டடக்கலையில் சிகரம் வேறு. விமானத்தை அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்று கீழிருந்து மேலாக ஆறு அங்கமாகச் சொல்வார்கள். கழுத்தாகிய கிரீவத்தின்மேல் தலையாக உட்காருவது சிகரம். அதற்கும் மேலே ஸ்தூபியாகிய கலசம் உண்டு. எனவே ‘விமானத்தின் சிகரத்தில் கலசம்’ சரி, ‘சிகரமே விமானத்தின் உச்சி’ தவறு.

முகடு புள்ளி இல்லை, கோடு. இரண்டு சரிவுகள் கூடும் நீளமான மேல்விளிம்பு. ஓட்டுக்கூரையில் இரு பக்க ஓடும் சந்திக்கும் இடத்தில் கவிழ்த்து வைப்பது முகட்டு ஓடு. மழைநீர் ஒழுகுவதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான், பூச்சு வெடித்தால் தண்ணீர் நேரே சுவரில் இறங்கும். முகட்டில் கிடக்கும் மரம் முகட்டுவளை. அதுதான் பேச்சில் மோட்டுவளை ஆனது. வேலை ஓடாமல் மல்லாந்து ‘மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு’ கிடப்பவர் பார்ப்பது வீட்டின் மிக உயர்ந்த இடத்தைத்தான். மலைத்தொடரில் இருபுறமும் சரிவு இறங்கும் நீள வரப்பையும் முகடு என்க. அதை உச்சி என்று எழுதினால் நடந்து போகிறவர் வழி தவறுவார்.

கொடுமுடி இன்று செய்யுளிலும் ஊர்ப்பெயரிலும்தான் வாழ்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமுடி காவிரிக்கரையில் இருக்கும் சமவெளி ஊர். மேருமலையின் முடி சிதறி விழுந்த இடம் என்று தலபுராணம் சமாதானம் சொல்கிறது. கோடு என்றாலும் மலைமுடி. திருச்செங்கோட்டில் அது சிவந்த மலையாகவே நிற்கிறது.

உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம்: இலங்கைச் செய்தியில் ஏன் குழப்பம்?

இந்தியாவில் நாட்டின் தலைமை நீதிமன்றம் உச்ச நீதிமன்றம், மாநில அளவில் உயர் நீதிமன்றம். இலங்கையில் தலைமை நீதிமன்றமே உயர் நீதிமன்றம். அதற்கடுத்தது மேன்முறையீட்டு நீதிமன்றம், அதன்கீழ் மேல் நீதிமன்றம். இலங்கைச் செய்தியை எடுத்தெழுதும் சென்னைப் பத்திரிகை ‘உயர் நீதிமன்றம்’ என்பதை அப்படியே விட்டால், இங்குள்ள வாசகர் மேல்முறையீடு இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைப்பார். ‘இலங்கையின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம்’ என்று ஒருமுறை விளக்கிவிட்டால் தீர்ந்தது.

அரசு வழக்கில் இன்னொரு சொல் நில உச்சவரம்பு. 1961-இன் தமிழ்நாட்டுச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வைத்தது, 1970-இல் அது 15 ஆனது. தர ஏக்கர் மண்ணின் தீர்வையை (நிலவரியை) வைத்துக் கணக்கிடுவது, சாதாரண ஏக்கரோடு குழப்பக்கூடாது. உச்சவரம்புக்கு மேற்பட்டது உபரி நிலம்.

சோதிடத்தில் ‘உச்சம்’ என்பது எது?

ஒரு கிரகம் மிகுந்த வலிமை பெறுவதாகச் சொல்லப்படும் ராசி. சூரியனுக்கு மேஷம், சந்திரனுக்கு ரிஷபம், செவ்வாய்க்கு மகரம், புதனுக்குக் கன்னி, குருவுக்குக் கடகம், சுக்கிரனுக்கு மீனம், சனிக்குத் துலாம். அதிலிருந்து ஏழாம் ராசி நீசம். ‘உச்சத்தில் இருக்கிறான்’ என்பது இந்த வழியாகவும் பேச்சுக்கு வந்தது. இங்கே யாரும் உச்சி என்று சொல்வதில்லை.

இசையில்?

‘உச்சஸ்தாயி’ மக்கள் வழக்கு. வித்வான்கள் தாரஸ்தாயி அல்லது மேல்ஸ்தாயி என்பார்கள். பழந்தமிழ் இசையில் கீழிருந்து மேலாக மெலிவு, சமன், வலிவு என்று மூன்று ஸ்தாயி. விமர்சனம் எழுதுகிறவர் தாரஸ்தாயி என்று எழுதினால் போதும்.

முக்கோணத்துக்கு மூன்று உச்சி என்கிறது பாடநூல். கீழே இருப்பதுமா உச்சி?

ஆம். கணிதத்தில் பக்கங்களோ விளிம்புகளோ கூடும் மூலைக்கு உச்சி என்று பெயர், முனை என்றும் சொல்வதுண்டு. உயரம் என்ற பொருள் அங்கே உதிர்ந்துவிட்டது. கனசதுரத்துக்கு 8 உச்சி, 12 விளிம்பு, 6 முகம். அதில் 4 உச்சி மேசையில் படிந்துதான் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ‘முனை’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு உச்சியை அறிமுகப்படுத்தினால் இந்தக் கேள்வி எழாது.

குழந்தையின் உச்சிக்குழி பற்றியும் கேட்கிறார்கள்.

பிறந்த குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் கூடாத மெத்தென்ற இடம் அது. முன்பக்கத்தது பொதுவாக 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும், பின்பக்கத்தது இரண்டு மூன்று மாதத்தில். லேசாகத் துடிப்பது இயல்பு. எண்ணெய் வைக்கும்போது விரலால் அழுத்தித் தேய்க்கவோ உள்ளே ஊற்றி நிரப்பவோ தேவையில்லை. வயிற்றுப்போக்கு, வாந்தியோடு குழி உள்வாங்கியிருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள். அழாமல் நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் புடைத்துக்கொண்டிருந்தால், அதிலும் காய்ச்சல் இருந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.